வன்னியில் பிள்ளைகளும் தண்ணீரும்: கிணற்றடியிலிருந்து நீச்சல் தடாகம் வரை

புரட்டாசியில் பவுசர் தண்ணீருக்கு வாளியோடு காத்திருக்கிற அதே ஊரில், மார்கழியில் படலை வரை வெள்ளம் நிற்கும். அதுதான் வன்னி. எத்தனையோ ஊர்ப்பெயர்கள் குளத்தில்தான் முடிகின்றன. கமம், மீன்பிடி, மாடு குளிப்பாட்டுதல், கோயில் தீர்த்தம் என்று எல்லாமே தண்ணீரோடுதான். ஆகவே பிள்ளைகளைத் தண்ணீரின் பக்கமே போகவிடாமல் வளர்ப்பது இங்கே நடக்கிற காரியம் இல்லை.

"குளத்துப் பக்கம் போகாதை" என்று சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிற வீடுகள் நிறைய. நான்கு வயதுப் பிள்ளைக்கு அந்த வார்த்தை ஐந்து நிமிடத்தில் மறந்துபோகும். பதினான்கு வயதுப் பெடியனுக்கு அது போய்ப் பார்க்கச் சொன்ன மாதிரித்தான் கேட்கும். உண்மையில் பிள்ளையைக் காப்பாற்றுபவை இரண்டு: பிள்ளைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு தடுப்பு, பிள்ளை தண்ணீரில் நிற்கும்போது பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுக்கப்பட்ட ஒரு ஆள். கீழே வருகிற படிகள் எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்பதுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள்.

முதலில்: மூழ்கும் பிள்ளை சத்தம் போடாது

படத்தில் காட்டுகிற மாதிரிக் கையை ஆட்டி, "காப்பாத்துங்கோ" என்று கத்துவது நிஜத்தில் அபூர்வம். மூச்சு எடுக்கவே வாய் தண்ணீருக்கு மேலே வராதபோது கத்துவதற்குக் காற்று எங்கே இருக்கும்? உடம்பு செங்குத்தாக நிற்கும். தலை பின்னால் சாய்ந்திருக்கும். வாய் தண்ணீர் மட்டத்தில் மூழ்கி மூழ்கி வரும். கைகள் பக்கவாட்டில் தண்ணீரைக் கீழே அழுத்தும். பார்த்தால் ஏணியில் ஏறுவது போல இருக்கும், ஆனால் பிள்ளை இடத்தை விட்டு நகராது. கண் எங்கோ வெறித்தபடி இருக்கும், அல்லது முடி முகத்தை மூடியிருக்கும். சின்னப் பிள்ளை ஒரு நிமிடத்துக்குள்ளேயே மூழ்கிவிடும்.

பக்கத்தில் நிற்பவர்கள் "விளையாடுது" என்று நினைப்பது இதனால்தான். சந்தேகம் வந்தால் கூப்பிட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் பிடித்துத் தூக்குங்கள். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கியதால் யாருக்கும் நட்டமில்லை.

படி 1: வீட்டைச் சுற்றி ஒருதரம் நடந்து பாருங்கள்

குளமும் கடலும் பயம் காட்டுவதால் அங்கே எல்லாரும் கவனமாகத்தான் இருப்பார்கள். சின்னப் பிள்ளைக்கு ஆபத்து பெரும்பாலும் வளவுக்குள்ளேயே இருக்கிறது. தவழும் பிள்ளை தலைகீழாக விழுந்தால் அரைவாளித் தண்ணீர் போதும். தலை பாரம், திரும்பி எழ உடம்பில் பலம் இல்லை.

பிள்ளையின் உயரத்துக்குக் குந்தி, வளவைச் சுற்றி வாருங்கள். பாத்றூம் வாளி, உடுப்புத் தோய்க்கிற பேசின், மழைத்தண்ணீர் பிடிக்கிற பரல், மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டி, வீடு கட்டும்போது சீமெந்து நனைக்க வெட்டிய கிடங்கு, மூடி உடைந்த மலசலகூடக் குழி. வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டி முடிந்த பிறகும் அந்தக் கிடங்கு மூடப்படாமல் கிடக்கிற வளவுகள் உண்டு. பாவிக்காத தண்ணீரை ஊற்றிவிட்டு வாளியைக் கவிழ்த்து வையுங்கள். பரலுக்கு இறுகும் மூடி வேண்டும். மேலே பலகை வைத்துக் கல் ஏற்றுவது சரிவராது, பிள்ளை ஏறினால் பலகையும் சேர்ந்து உள்ளே போகும். கிடங்கை மண் போட்டு நிரப்புங்கள். நுளம்புத் தொல்லையும் குறையும்.

படி 2: கிணறு

இதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கத்தான் வேண்டும். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வராத காணிகளில், பற்றைக்குள் கட்டு இல்லாத பழைய கிணறுகள் இன்னும் கிடக்கின்றன. தோட்டக் கிணறுகளில் பலவற்றுக்குக் கட்டே இல்லை. வரம்பு மட்டத்தோடு வாய் திறந்திருக்கும்.

வீட்டுக் கிணற்றுக் கட்டு நாலு அடியாவது இருக்கட்டும். ஆனால் உயரம் மட்டும் போதாது. கட்டோடு ஒட்டி என்ன இருக்கிறது என்று பாருங்கள்: கவிழ்த்து வைத்த வாளி, தோய்க்கிற கல், வாட்டர் பம் வைத்த மேடை, தொட்டிச் சுவர். பிள்ளைக்கு அது எல்லாமே படிக்கட்டு. நகர்த்த முடிந்ததை நகர்த்துங்கள். நகர்த்த முடியாத பக்கத்தில் கட்டை இன்னும் உயர்த்துங்கள்.

அதற்கு மேல் ஒரு மூடி. கம்பிச் சட்டம் ஒட்டுகிற கடையில் கிணற்று வாயை அளந்து கொடுத்தால் இரும்புச் சட்டத்தில் வலை போட்டுத் தருவார்கள். வலையின் கண் பிள்ளையின் தலை நுழையாத அளவு இருக்க வேண்டும். வாளி போக நடுவில் ஒரு சின்னக் கதவு, அதற்குக் கொழுக்கி, கொழுக்கிக்குப் பூட்டு. சட்டத்தைக் கட்டோடு ஆணி அடித்து இறுக்குங்கள். சும்மா மேலே வைத்தால் ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கம் கிளம்பும். காசு இப்போது இல்லை என்றால் வேலி போடலாம். சுற்றிவரக் கதியால் (வேலித் தடி) நட்டு, அலம்பல் (வெட்டிய மரக்கிளை) நெருக்கமாக அடைத்து, ஒரு படலை வையுங்கள். படலைக் கொழுக்கி பெரியவரின் நெஞ்சு உயரத்தில் வெளிப்பக்கமாக இருக்கட்டும். அலம்பல் உக்கிப்போகும், வருடா வருடம் மாரிக்கு முன் மாற்ற வேண்டியிருக்கும். இருந்தாலும் ஒன்றுமில்லாமல் இருப்பதை விட எவ்வளவோ மேல்.

ஆளில்லாத காணிக் கிணறு என்றால் கிராம அலுவலரிடமும் பிரதேச சபையிலும் எழுத்தில் கொடுங்கள். அதுவரை ஊர்ப் பெடியளைச் சேர்த்து அலம்பல் போட்டு அடைத்துவிடுங்கள். காணிக்காரருக்கு வெளிநாட்டுக்குப் போன் எடுத்துச் சொன்னால் மறுக்கமாட்டார்.

பெட்ரோல் பம் ஓடிய கிணற்றுக்குள் யாரும் உடனே இறங்கக் கூடாது. புகை அடியில் தேங்கி நிற்கும். பிள்ளையை எடுக்க இறங்கியவரும் மயங்கி விழுந்த கதைகள் இலங்கையில் உண்டு.

படி 3: "நான் பாக்கிறன்" என்று ஒருவர் சொல்ல வேண்டும்

கல்யாண வீடு, சாமத்திய வீடு, குளத்தடிச் சமையல் என்று ஆட்கள் கூடும் இடத்தில்தான் பிள்ளை தவறுகிறது. பிள்ளை அம்மம்மாவோடு நிற்கிறது என்று அம்மா நினைப்பார், அம்மம்மா சித்தியோடு என்று நினைப்பார். "பெரியாக்கள் நிக்கினம்தானே" என்கிற வார்த்தைதான் இருப்பதிலேயே ஆபத்தானது.

ஆகவே பெயர் சொல்லுங்கள். "தங்கச்சி, இப்ப நீ பாக்கிறியோ?" "ஓம் அக்கா, நான் பாக்கிறன்." அந்த "ஓம்" வாயால் வர வேண்டும். கால் மணி நேரத்துக்கு ஒருதரம் ஆளை மாற்றுங்கள். அதற்கு மேல் யாருக்கும் கண் நிற்காது. பார்ப்பவரின் போன் பையில் இருக்கட்டும், திரையில் கண் வேண்டாம். மீன் வெட்டவும் கூடாது, குடித்திருக்கவும் கூடாது. குளத்தடிக்குப் போகிற ஆண்களில் பாதிப் பேர் போத்தலோடுதான் போகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். குடிப்பவர்கள் குடிக்கட்டும், பிள்ளையைப் பார்க்கிற பொறுப்பு அவர்களுக்கு வேண்டாம். பத்து வயது அக்காவிடம் மூன்று வயதுத் தம்பியை ஒப்படைப்பதும் பொறுப்பு ஆகாது.

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை தண்ணீரில் நிற்கும்போது கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நில்லுங்கள். வலிப்பு வருகிற பிள்ளை என்றால் எந்த வயதிலும் தனியே குளிக்க விடாதீர்கள், கிணற்றடியில் கூட.

பிள்ளையைக் காணவில்லை என்றால் அறைக்குள் தேடி நேரம் போக்காமல் முதலில் தண்ணீரைப் பாருங்கள்: கிணறு, பரல், வாய்க்கால். கட்டிலுக்குக் கீழே ஒளிந்த பிள்ளை பத்து நிமிடம் கழித்தும் அங்கேயே இருக்கும்.

படி 4: குளமும் வாய்க்காலும்

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம், கட்டுக்கரைக்குளம் எல்லாமே வெளியிலிருந்து பார்த்தால் அமைதியானவை. அடியில் எப்படி இருக்கிறது என்பது வருடத்துக்கு வருடம் மாறும். கோடையில் வற்றும்போது குளத்துக்குள் மண்ணும் கிரவலும் அள்ளுகிறார்கள். மாரியில் அந்தக் கிடங்குகள் தண்ணீருக்குக் கீழே மறைந்துவிடும். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்த பிள்ளை அடுத்த அடியில் காணாமல் போவது இப்படித்தான். போன வருடம் குளித்த இடம் என்பதற்காக இந்த வருடம் நம்ப வேண்டாம். முதலில் பெரியவர் ஒருவர் தடியோடு நடந்து அடியைக் குத்திப் பார்த்து, குளிக்கிற எல்லைக்கு இரண்டு தடி நட்டுக் கயிறு கட்டிவிடுங்கள். அதற்குள்தான் குளிப்பு.

குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிற மதகு, அதாவது துருசுப் பக்கம் வேண்டவே வேண்டாம். தண்ணீர் திறந்திருக்கும்போது மேலே அலை கூடத் தெரியாது, கீழே இழுக்கும். அணைக்கட்டின் உள்பக்கம் கல் அடுக்கியிருக்கிற இடத்தில் பாசி படர்ந்திருக்கும், வழுக்கினால் பிடிக்க ஒன்றும் இல்லை. தாமரைக்கொடி உள்ள இடத்தில் கால் சிக்கும். முதலை உள்ள குளங்கள் உண்டு. எந்த மூலையில் என்பது அந்தக் குளத்தில் மீன் பிடிக்கிறவர்களுக்குத் தெரியும். கேட்டுவிட்டு இறங்குங்கள், பொழுதுபடுகிற நேரத்தில் இறங்காதீர்கள்.

வாய்க்காலைப் பற்றி யாரும் அவ்வளவு பேசுவதில்லை. சீமெந்து போட்ட வாய்க்காலின் சரிவான சுவர் பாசியோடு சேர்ந்தால் பெரியவருக்கே ஏற முடியாது. காய்ந்து கிடந்தபோது பெடியள் கிரிக்கெட் விளையாடிய இடத்தில், சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்ட அன்று ஆளை அடித்துக்கொண்டு போகிற ஓட்டம் இருக்கும். எந்த நாளில், எந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் வருகிறது என்பது கமக்கார அமைப்புக்குத் தெரியும். அந்தத் திகதியை முன்பள்ளியிலும் பள்ளிக்கூடத்திலும் சொல்லிவைக்கச் சொல்லுங்கள். வீடு வாய்க்கால் கரையில் என்றால் இடைக்கிடை முடிச்சுப் போட்ட ஒரு கயிற்றை மரத்தில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். விழுந்தவர் பிடித்து ஏற அது உதவும்.

மாரியில் குளம் நிரம்பி வான் பாய்வதைப் பார்க்க ஊரே திரளும். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான் கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சிக் கிராமங்களில் வெள்ளம் ஏறியது பலருக்கு நினைவிருக்கும். பார்க்கலாம், ஆனால் சின்னப் பிள்ளை கையில் பிடிபட்டபடி நிற்கட்டும், செல்பிக்கு விளிம்புக்குப் போக வேண்டாம். பாலத்துக்கு மேலால் ஓடும் தண்ணீர் முழங்காலளவுதான் இருக்கிறது என்று பிள்ளையை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக் கடக்காதீர்கள். முழங்காலளவு ஓட்டம் பெரியவரையே விழுத்தும்.

படி 5: கடலும் களப்பும்

முல்லைத்தீவுக் கரையில் வாடைக்காற்றுக் காலத்தில், அதாவது ஐப்பசி தொடக்கம் தை மாசி வரை, குளிக்கும் யோசனையே வேண்டாம். மற்றக் காலத்திலும் கடல் அமைதி என்று சொல்லிவிட முடியாது. கரைக்கு வந்த அலைத் தண்ணீர் ஒரு ஒடுங்கிய பாதையால் திரும்பி உள்ளே ஓடும். இரண்டு பக்கமும் வெள்ளை நுரை உடைய, நடுவில் அலை உடையாமல் கொஞ்சம் கறுப்பாகத் தெரிகிற இடம்தான் அது. பிள்ளைகளுக்கு அந்த இடம்தான் அமைதியாகத் தெரியும், அங்கேதான் ஓடிப் போவார்கள். அந்த இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி நீந்திக் களைக்கக் கூடாது. மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்டு, முடிந்தால் கரைக்கு நேர்பக்கமாக இல்லாமல் கரையோடு ஒட்டிய திசையில் நீந்தி வெளியே வர வேண்டும். இதை வீட்டில் மணலில் கோடு கீறிக் காட்டுங்கள், வாயால் சொன்னால் விளங்காது.

கரைவலை வாடியில் நிற்பவரிடம் "அண்ணை, இண்டைக்கு எந்தப் பக்கம் இழுக்குது?" என்று கேட்பதை விட நல்ல வழி இல்லை. நாயாறு, கொக்கிளாய் போன்ற முகத்துவாரங்களில் குளிக்கவே வேண்டாம். கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதை 2004 சுனாமிக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நந்திக்கடல் கரையில் கூட்டம் நெரியும். சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரத்தில் பாலாவியில் இறங்குவார்கள். அப்படியான நாளில் பிள்ளையின் சட்டைப் பையில் ஒரு போன் இலக்கம் எழுதி வையுங்கள், தண்ணீரில் இறங்கும்போது கையை விடாதீர்கள். வள்ளத்தில் ஏறினால் உயிர்காப்பு அங்கி. பிள்ளைக்குப் போட்டுக் கட்டிவிட்டுத் தோள் இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி காதளவுக்கு ஏறினால் அது பெரிது.

படி 6: நீச்சல் தடாகம்

விடுதிகளில் தடாகங்கள் வந்திருக்கின்றன. ஆடி, ஆவணியில் கனடா, லண்டன், சுவிஸ் பிள்ளைகள் வரும்போது குடும்பமாகப் போகிறோம். முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்: உயிர்காப்பாளர் நிற்கிறாரா, நாலு பக்கமும் வேலி உண்டா, ஆழம் எழுதியிருக்கிறதா? இல்லை என்று சொன்னால் படி 3 இரட்டிப்பாகப் பொருந்தும். அடி தெரியாத கலங்கல் தண்ணீர் என்றால் காசு கொடுத்திருந்தாலும் இறங்க வேண்டாம். அடியில் தண்ணீர் உறிஞ்சும் துவாரத்தின் பக்கம் நீளமுடிப் பிள்ளைகள் போகக்கூடாது. யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்கிற போட்டி நன்றாக நீந்துகிற பிள்ளையைத்தான் மயக்கி மூழ்கடிக்கும்; கண்டால் நிறுத்துங்கள். கையில் மாட்டும் காற்றடைத்த வளையமும் ரியூப்பும் விளையாட்டுச் சாமான்கள்தான். குளித்து முடிந்ததும் மிதக்கிற பந்தை எடுத்துவிடுங்கள், அதைப் பிடிக்கத்தான் பிள்ளை திரும்பி வரும்.

நீலமும் வெள்ளையும் தடாகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாது. பளிச்சென்ற செம்மஞ்சள் உடுப்பு தடாகத்திலும் குளத்திலும் தெரியும்.

வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பற்றி ஒன்று. அங்கே பாடசாலையில் நீச்சல் பழகிச் சான்றிதழ் வாங்கியிருப்பார்கள், பெற்றோர் அதை நம்பிக் குளத்தில் விடுவார்கள். வெதுவெதுப்பான, அடி தெரிகிற, பிடிக்கச் சுவர் உள்ள தண்ணீரில் பழகியது முத்தையன்கட்டில் உதவும் என்று சொல்ல முடியாது. அவர்களும் கயிற்றுக்குள்தான்.

படி 7: நீந்தப் பழக்குங்கள், பெண் பிள்ளைகளுக்கும்

ஆறேழு வயதில் தொடங்கலாம். வேகமாக நீந்துவது பிறகு. முதலில் தண்ணீருக்குள் மூச்சை விடப் பழகட்டும், அப்புறம் மல்லாந்து அசையாமல் மிதக்க, பிறகு விழுந்த இடத்திலிருந்து திரும்பிக் கரையைப் பிடிக்க. இதெல்லாம் வந்த பிறகு ஒருநாள் பள்ளிச் சீருடை மாதிரி முழு உடுப்போடு செய்யவையுங்கள்; தவறி விழும் பிள்ளை குளிக்கிற உடுப்பில் விழப்போவதில்லை. பெண் பிள்ளை நீந்தப் பழகுவதை ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்கிற வீடுகள் இன்னும் உண்டு. வெள்ளம் ஆள் பார்த்து வருவதில்லை. சித்தியோ மாமியோ சேர்ந்து காலையில் ஆளில்லாத நேரம் பழக்கலாம்.

பெரிய பெடியளுக்குத் தடை போடுவதை விட ஒப்பந்தம் போடுவது வேலை செய்யும். தனியே போவதில்லை, எந்தக் குளம் என்று சொல்லிவிட்டுப் போவது, தலைகீழாகக் குதிப்பதில்லை, கயிறும் பிளாஸ்டிக் கானும் கொண்டுபோவது. சொன்னால் ஏசமாட்டேன் என்று நீங்களும் வாக்குக் கொடுங்கள். ஏச்சுக்குப் பயந்துதான் டியூசனுக்கு என்று சொல்லிவிட்டுக் குளத்துக்குப் போகிறார்கள்.

படி 8: ஒருவர் தாழும்போது

குதிக்காதீர்கள். தாழும் ஆள் பிடித்தால் விடமாட்டார், ஒன்றுக்கு இரண்டாகும். பிள்ளைகளுக்கும் இதையே சொல்லுங்கள்: தம்பி விழுந்தால் கத்து, கையில் கிடைத்ததை எறி, இறங்காதே.

கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு தடியையோ, நுனியில் முடிச்சுப் போட்ட சாரத்தையோ, சேலையையோ நீட்டுங்கள். எட்டாவிட்டால் எறியுங்கள். ஐந்து லீற்றர்க் கான் நல்லது, ஆனால் வெறும் கான் காற்றுக்குப் போகாது. கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடியை இறுக்கிக் கைபிடியில் கயிறு கட்டினால் நினைத்த இடத்தில் விழும். ஆளுக்கு அப்பால் எறிந்து இழுத்துக் கையில் கொடுங்கள். வாய்க்கால் என்றால் ஓட்டம் போகிற பக்கம் ஓடி, அவருக்கு முன்னால் எறியுங்கள். குளத்துக்குப் போகும்போது இந்தக் கானும் கயிறும் சமையல் சாமானோடு ஏறட்டும்.

படி 9: எடுத்த பிறகு

தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டையும் செய்யாதீர்கள். வயிற்றுத் தண்ணீர் மேலே வந்து நெஞ்சுக்குள் போகும், முக்கியமான நிமிடங்களும் வீணாகும். பிள்ளைக்கு வேண்டியது காற்று.

ஒருவர் 1990 அம்புலன்சுக்கு எடுக்கட்டும், கட்டணம் இல்லை. குளத்தின் பெயரோடு எந்தக் கரை, எந்தச் சந்தியால் வர வேண்டும் என்று சொல்லுங்கள்; சந்தியில் ஒரு ஆளை நிறுத்துங்கள். தனியாக நின்றால் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கூப்பிட்டும் தட்டியும் அசைவில்லை, மூச்சு ஒழுங்காக இல்லை என்றால் மல்லாக்கக் கிடத்தி, நெற்றியில் ஒரு கை, நாடியில் (மோவாயில்) இரண்டு விரல் வைத்துத் தலையை மெல்லப் பின்னால் சாய்த்து நாடியை உயர்த்துங்கள். மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து, நெஞ்சு உயரும் அளவுக்கு ஐந்து தடவை ஊதுங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை என்றால் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி மெதுவாக ஊதுங்கள். அப்புறம் நெஞ்சின் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், உள்ளங்கை அடியை வைத்து 30 தடவை அழுத்துங்கள். நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே போக வேண்டும், நிமிடத்துக்கு 100 தொடக்கம் 120 என்ற வேகத்தில். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை என்றால் இரண்டு கையாலும் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து இரண்டு பெருவிரலாலும் அழுத்துங்கள். பிறகு 2 தடவை ஊதல், 30 அழுத்தல் என்று நிறுத்தாமல் தொடருங்கள். களைத்தால் ஆளை மாற்றுங்கள். மூச்சு வரும் வரை, அல்லது அம்புலன்ஸ் வரும் வரை.

வாந்தி வந்தால் தலையோடு உடம்பையும் சேர்த்துப் பக்கமாகத் திருப்பித் துடைத்துவிட்டுத் தொடருங்கள். மூச்சு வந்ததும் பக்கவாட்டில் படுக்கவைத்து, ஈர உடுப்பைக் கழற்றிப் போர்த்துங்கள். பிள்ளை எழுந்து அழுது தேத்தண்ணி கேட்டாலும் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நெஞ்சுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைக் கஷ்டப்படுத்தலாம், அதனால் டாக்குத்தர் மறித்து வைத்துப் பார்க்கச் சொன்னால் மறுக்காமல் நில்லுங்கள். வீட்டுக்கு விட்ட பிறகும் விடாத இருமல், வேகமான மூச்சு, வழமைக்கு மாறான நித்திரை எது கண்டாலும் விடியும் வரை காத்திராமல் திரும்பக் கொண்டுபோங்கள்.